மண்டு வளர்ந்துவிட்டது

செருப்புக் கடையில் பிள்ளைகள் பகுதி அவளுடையது. சின்னக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "ஒரு சைஸ் பெருசாவே எடுங்க, வளர்ற பிள்ளை" என்று பெற்றவர்களிடம் சொல்வாள். சொல்லிச் சொல்லி அது வாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கணவருக்குச் சட்டை எடுத்தாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பாள்.

"நான் இனிமே எங்கடி வளரப்போறேன், பக்கவாட்டுலயா?" என்பார் அவர்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் கூண்டுகளுக்கு மேலே, இருட்டில், கிரீஸ் நாற்றத்தில் உட்கார்ந்திருக்கிற பிழைப்பு. அதனாலோ என்னவோ பேச்சு குறைவு. மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது தன் விளையாட்டுப் பெட்டியை மேசை மேல் விட்டுவிட்டுப் போனாள். கைக்கு அடக்கமான சின்னத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். "சும்மா இருக்கும்போது ஆடுங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். சும்மா இருக்கும்போது ஆரம்பித்தவர், பிறகு அதற்காகவே சும்மா இருக்க ஆரம்பித்தார்.

விளையாட்டு இதுதான். விதவிதமான விலங்குகளைப் பிடித்து வளர்க்க வேண்டும். ஆளுக்கு மூன்று விலங்குகளை ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்கி மோதவிட வேண்டும். எல்லாரும் சிறகு முளைத்தது, நெருப்பு கக்குவது என்று வைத்திருக்க, இவர் வைத்திருந்தது ஒரு உருண்டை. பச்சைக் கல்லுக்கு நாலு குட்டைக் கால் வைத்தது போல் இருக்கும். மெதுவாக நடக்கும், எதற்கும் திருதிருவென்று விழிக்கும். மண்டு என்று பெயர் வைத்திருந்தார்.

கைபேசிக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடுகிறவர்கள் முதலில் மண்டுவைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மண்டு யாரையும் அடிக்காது. களத்துக்கு வந்ததும் எதிராளியின் மேல் ஒரு நச்சுப் பொடியைத் தூவும், அவ்வளவுதான். அந்தப் பொடி ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதுவரை மண்டு சாகாமல் இருந்தால் போதும். சாகாமல் இருப்பதற்கு அதன் கழுத்தில் பிஞ்சுக்கல் என்று ஒரு மணி. முழுதாக வளராத விலங்கு அதைப் போட்டுக்கொண்டால் தோல் இரட்டிப்புக் கெட்டியாகும். வளர்ந்துவிட்டால் அது வெறும் கல். போதாததற்கு மண்டு மெதுவானது. எதிராளி அடித்து முடித்த பிறகுதான் அதன் முறை வரும். அடி வாங்கிய கையோடு காயத்தை ஆற்றிக்கொண்டு, புது உடம்போடு அடுத்த சுற்றுக்கு வந்து நிற்கும்.

"இது எப்படின்னா," என்று ஒருமுறை சாப்பிடும்போது அவளிடம் விளக்கினார், "அடிக்கிறவன் அடிச்சே களைச்சுப் போவான். நம்மாளு நின்னுக்கிட்டே இருக்கும்."

"உங்கள மாதிரின்னு சொல்லுங்க. நான் கத்திக் களைச்சுப் போறேன், நீங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க."

அவர் சிரித்தார். அந்த விலங்கைப் பற்றிப் பேசும்போது அவருக்கு வார்த்தை வந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தல்.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் காயம் ஆற்றும் வித்தை மண்டுவுக்கு இன்னும் சரியாகப் படியவில்லை. சில்லறைச் சண்டைகள் நிறையப் போட்டுப் படியேற வேண்டியிருந்தது. ஒவ்வொரு படி ஏறும்போதும் திரை கேட்கும்: வளர விடலாமா? வேண்டாம் என்று அமுக்க வேண்டும். வளர்ந்த விலங்கைத் திரும்பக் குட்டியாக்க முடியாது.

பெரிய போட்டிக்கு முந்தின வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கிறவர் வெளியூர்ப் போட்டிக்குப் போகலாம். லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து தனக்கென்று ஒரு நாள் லீவு கேட்காத மனிதர், ஜெயித்தால் வேண்டுமே என்று முன்கூட்டியே லீவு சொல்லி வைத்திருந்தார். கேட்டபோது மேலாளர், "வீட்ல விசேஷமா?" என்றாராம். இவர், "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு வந்ததை அவளிடம் சொல்லும்போது காது மடல் சிவந்திருந்தது.

அந்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கடைக்கு லீவு போட்டுப் படுத்திருந்தாள். கிளம்பும்போது அவர் பெட்டியைத் தலையணை பக்கத்தில் வைத்தார்.

"சும்மாதானே படுத்திருக்கே. இதை அமுக்கிக்கிட்டே இரு, தானா படி ஏறும். கேட்டா மட்டும் வேண்டாம்னு அமுக்கிடு. மறந்துடாதே."

"ஏன், வளர்ந்தா என்ன, உங்கள சோறு கேக்குமா?"

"வேண்டாம்னு அமுக்கு, அவ்ளோதான்."

உடம்பு நெருப்பாகக் காய, அவள் போர்வைக்குள் இருந்தபடியே அமுக்கிக்கொண்டிருந்தாள். மண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டு யார் யாரையோ தோற்கடித்தது. நடுவில் இரண்டு முறை திரை கேட்டது. ஒழுங்காக வேண்டாம் என்றாள். உச்சிப் பொழுதில் போன் அடித்தது.

"என்ன, எத்தனாவது படி?" என்றார் அவர்.

அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஹலோ? கேக்குதா? மண்டு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள் அவள். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்; வைத்துவிட்டார்.

சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, ஒன்றுமில்லை. மண்டு எப்படி இருக்கு. பெட்டியை எடுத்து இன்னொரு சண்டை போட்டாள். மண்டு ஜெயித்தது. திரை கேட்டது: வளர விடலாமா?

அவள் ஆமாம் என்று அமுக்கினாள்.

உடனே நடந்துவிடவில்லை. திரை மறுபடி கேட்டது: நிச்சயமாகவா? வளர்ந்த பின் திரும்ப முடியாது. அந்த எழுத்துகளை அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். காய்ச்சல் கண்ணுக்கும் தெளிவாகவே தெரிந்தன. படித்துவிட்டு, ஆமாம் என்று அமுக்கினாள்.

மண்டு ஒளிர்ந்தது, நீண்டது. நெட்டையாக, கொம்பும் வாலுமாக, பார்க்க லட்சணமாக ஒன்று நின்றது. திருதிரு முழி போய்விட்டது. அவள் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவர் சாயங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம், இன்னொரு கையில் மருந்துக் கடைப் பை. "பாதி வேலைய கூட வர்ற ஹெல்பர் பையன்கிட்ட விட்டுட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கையில் கிரீஸ் வாசனை. அதற்கு அவள் எழுந்து உட்கார்ந்து அழுதிருப்பாள். ஆனால் அழுதால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

"என்னங்க, கை தவறி அமுக்கிட்டேன்" என்றாள்.

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நெட்டையன் திரையில் கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"தூக்கக் கலக்கமா இருந்துச்சு. டக்குனு ஆயிடுச்சு."

"ம்." பெட்டியை மூடினார். "சரி விடு. எழுந்து ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மாத்திரை போடு."

திட்டியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம், போனில் கேட்டதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். அவர் திட்டவில்லை. ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தார். அவள் இரண்டு வாயோடு கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். காய்ச்சல் வாய் என்று அவர் நினைத்துக்கொண்டார், அல்லது நினைத்துக்கொண்ட மாதிரி இருந்தார்.

காய்ச்சல் விட்டது, இது விடவில்லை. கடையில் ஒரு பிள்ளையின் ஷூ முனையை அழுத்திக்கொண்டு, "சரியான சைஸே எடுங்க, வளரும்போது பாத்துக்கலாம்" என்றாள். பக்கத்தில் இருந்த கல்லாக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சா? நாளைக்கே பத்தலன்னு வந்து நின்னாங்கன்னா, முதலாளி கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"என் வாய், நான் சொல்வேன்" என்றாள் அவள்.

போட்டிக்குப் பெயர் கொடுத்த மூன்று விலங்குகளை மாற்றக் கூடாது என்பது விதி. வேறு மண்டுவைப் பிடித்து வளர்க்கவும் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவளும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீயா? அங்க போர் அடிக்கும்டி."

"அடிக்கட்டும். வரேன்."

கைபேசிக் கடை மாடியில் உடைந்த திரைகளும் ஒயர்ச் சுருள்களும் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டு, நடுவில் ஒரு மேசை. சுவரில் பெரிய திரை. எல்லாரும் இளவட்டங்கள். "வாங்க லிஃப்ட் அண்ணே" என்று எழுந்து இடம் கொடுத்தார்கள். அவளுக்கும் நாற்காலி வந்தது. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கிற மனிதருக்கு இங்கே இப்படி ஒரு மரியாதை இருப்பது அவளுக்குத் தெரியாது.

எதிரில் ஒரு வங்கிக்காரப் பெண். இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு விலங்குகள் விழுந்து, கடைசி ஒன்றில் வந்து நின்றது. அவர் மண்டுவை இறக்கினார். நெட்டையன் கொம்போடு வந்து நின்றதும் பின்னால் நின்றவர்கள் மேசைக்கு நெருங்கி வந்தார்கள்.

பொடி தூவினான். எதிரியின் உடம்பு கொஞ்சம் குறைந்தது. பிறகுதான் கோளாறு. நெட்டையனுக்குக் கால் நீளம், வேகம். எதிரி அடிப்பதற்கு முன்பே அவன் முறை வந்துவிட்டது. முதலில் பழைய காயத்தை ஆற்றிவிட்டு, பிறகு புது அடியை வாங்கிக்கொண்டு காயத்தோடேயே நின்றான். கழுத்தில் பிஞ்சுக்கல் சும்மா தொங்கியது. அடுத்தடுத்த சுற்றுகளில் ஆற்றிய காயத்தைவிட விழுந்த அடி பெரிதாக இருந்தது. அவர் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார். யோசிக்க ஒன்றுமில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. எதிரி ஒரு நூல் உயிரில் இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே சுற்று நின்றிருந்தால் பொடியே அதைத் தின்றிருக்கும். பழைய உருண்டை நின்றிருக்கும். நெட்டையன் விழுந்தான்.

வங்கிக்காரப் பெண் எழுந்து கை கொடுத்தாள். "உங்க மண்டுவுக்குத்தான் பயந்துக்கிட்டு வந்தேன் அண்ணா."

கைபேசிக் கடைக்காரன் தாங்காமல் கேட்டுவிட்டான். "அண்ணே, நீங்க போய் அத எப்படிண்ணே வளர விட்டீங்க? ஒரு வாட்டி கை தவறலாம். அது ரெண்டு வாட்டி கேக்குமே?"

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"கூண்டு மேல உக்காந்து ஆடிக்கிட்டு இருந்தேன்பா. கையில கிரீஸ். வழுக்கிடுச்சு, ரெண்டு வாட்டியும்."

"வயசாயிடுச்சுண்ணே உங்களுக்கு."

"ஆமாப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்று சாயங்காலம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாரே, அப்போதே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ரொட்டியை நனைத்துக் கொடுத்திருக்கிறார்.

திரும்பி நடக்கும்போது அவள் இரண்டு மூன்று தடவை வாயெடுத்தாள். கடைசியில், "என்னங்க, அன்னைக்கு அது ரெண்டாவது தடவை கேட்டப்போ..." என்று தொடங்கினாள்.

"போன்ல நான் உன்னைப் பத்திக் கேட்டிருக்கணும்" என்றார் அவர், தெருவைப் பார்த்தபடியே. "பின்னாடி கூப்பிட்டுட்டானுங்க. வச்சப்புறம்தான் தோணுச்சு."

அவள் மேலே பேசவில்லை. பேசியிருந்தால் பாரம் இறங்கியிருக்கும். அவர் தன் பங்கை முதலில் இறக்கி வைத்துவிட்டார். அதன் மேல் இவளுடையதைக் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை.

போட்ட லீவை அவர் ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போனார். கொஞ்ச நாளில் புதிதாக ஒரு உருண்டையைப் பிடித்தார். அதற்கும் மண்டு என்றே பெயர். அவளுடைய வார விடுமுறை நாளில், கிளம்பும்போது பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். செருப்பை மாட்டினார். கருவிப் பையைத் தோளில் போட்டார். கேட்டால் வேண்டாம் என்று அமுக்கு என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அதைச் சொல்லவில்லை. "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லியிருக்கலாம்.

அவள் பாத்திரங்களைக் கழுவி, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குட்டி மண்டு திருதிருவென்று விழித்தது, ஜெயித்தது, படி ஏறியது. திரை கேட்டது: வளர விடலாமா?

வேண்டாம் என்று அமுக்கிவிட்டு, இரண்டாவது கேள்விக்காக விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். அது வரவில்லை. வேண்டாம் என்றவர்களை அது மறுபடி கேட்பதில்லை.