நிறுத்தினது பழைய ஆலு

டயட்டீஷியன் வேலை என்பது, சாப்பிடாதே என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற வேலை. வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவரைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்களுக்கு ஒருவர், எனக்கு இங்கே வங்காளத்தில், பவானிபூர் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுக்க.

புதுசும் பழசும்

பாலிகஞ்சிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. உருளைக்கிழங்கை அடியோடு நிறுத்தச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இப்படி ஒரு நோயாளியா என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

மூன்றாம் நாள் மத்தியானம் போனால், வீட்டிலிருந்து வந்த டப்பாவில் தோலோடு வேகவைத்த குட்டிக் குட்டி உருளைக்கிழங்கு. மார்கழிக் குளிரில் சந்தைக்கு வருமே, அது. நான் முறைத்ததும், மக்குப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல வங்காள மொழியில் நிதானமாகச் சொன்னார்: "நிறுத்தினது பழைய ஆலு. இது புது ஆலு."

நல்ல செய்தி

இன்னொருவர், ஜவுளிக் கடைக்காரர். ஒன்பது நாள் போராடி அவருடைய சர்க்கரையைக் கீழே கொண்டுவந்தோம். காலையில் பெரிய டாக்டர் வந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார். குடும்பமே கண்கலங்கியது. மருமகள் ஓடிப்போய் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்தாள். முதல் மூன்று, மாமனார் வாயில்.

சாயங்காலம் பார்த்தால் சர்க்கரை பழைய இடத்துக்கே போய்விட்டது. இன்னும் இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றோம். ஏன் இப்படிச் செய்தாய் என்று மருமகளிடம் கேட்டேன். அவள் உண்மையாகவே குழம்பிப்போய், "சந்தேஷ்னா செய்தின்னுதானே அர்த்தம், அக்கா? அவர் குணமான செய்தியை அவருக்கே சொல்லாம எப்படி?" என்றாள்.

இனிப்பு பிடிக்காதவர்

முருகேசன் ஐயா ஹவுரா பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இடது கால் சுண்டுவிரல் கருத்துவிட்டது, எடுத்தாக வேண்டும். ஆனால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோதெல்லாம் காலையில் சர்க்கரை எகிறி நிற்கும், தள்ளிப்போடுவார்கள். இரண்டு தடவை இப்படி. அவர் மனைவியைச் சந்தேகப்பட்டேன். அந்த அம்மாள் சுரைக்காய்க் கூட்டைத் தவிர எதுவும் கொண்டுவரவில்லை என்று அழுதார்.

மூன்றாவது தடவை நாள் குறித்தபோது, அதற்கு முந்தின சாயங்காலம் கையும் களவுமாகப் பிடித்தேன். பக்கத்துக் கட்டிலில் கை முறிந்து கிடந்தவருக்கு வந்த ரசகுல்லாவைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் மாதிரி விழுங்கப் போனார். தமிழில் கேட்டதும் உடைந்துவிட்டார். சர்க்கரை ஏறினால் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். பயம். எனக்குக் கோபம் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் தள்ளினால் விரலோடு நிற்காது, பாதமே போகும் என்றேன். கருத்த விரலைக் குனிந்து பார்த்தார். பிறகு ரசகுல்லாவை என் கையில் கொடுத்தார்.

இன்சுலினும் கைகொடுக்க, மறுநாள் குறித்தபடியே ஆபரேஷன் நடந்தது. விரல் போயிற்று, பாதம் தப்பியது. பார்க்கப் போனபோது ரொம்பத் தெளிவாக இருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி கெடக்கட்டும்மா. இனிமே அந்தக் கருமத்தத் திங்க வேண்டாம்லா."

பதினோரு வருஷத்தில் என் உணவுப் பட்டியலை எல்லோரும் கடைப்பிடிக்கத்தான் செய்திருக்கிறார்கள், அவரவர் வசதிக்கு மொழிபெயர்த்துக்கொண்டு.