சேர்மனின் பட்டினி நாள்

அந்த மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்த வேலை தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைக் காப்பது. அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை, எதிரே காத்திருப்புக் கூடத்தில் இருந்த மீன்தொட்டி. நர்சுகள் "மீன் டாக்டர்" என்று கேலி செய்வார்கள். மனுஷனுக்கு அதில் உள்ளூர சந்தோஷம்தான்.

தொட்டியில் ஒரே ஒரு தங்கமீன். தின்பதும் அடியில் கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குள் போய்ப் படுப்பதுமே அதன் உத்தியோகம் என்பதால் சேர்மன் என்று பேர் வைத்தார். அசல் சேர்மன் மாடியில் இருந்ததால் மெதுவாகத்தான் கூப்பிடுவார்.

சேர்மனுக்குத் தினமும் ஒரே தீனி ஆகாது. ஒரு நாள் கடைக் குருணை, ஒரு நாள் புழு, ஒரு நாள் பொடியாக அரிந்த கீரை, ஒரு நாள் வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி. வெள்ளிக்கிழமை பட்டினி. "என் வாய்க்கு என்ன வேணும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்பாள், பட்டாணி உரிக்கும் மனைவி.

அப்படிக் கண்ணும் கருத்துமாக வளர்த்த மீன் ஒரு நாள் வயிறு உப்பி, பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. தண்ணீருக்கடியில் ரொட்டித் துணுக்கும் முட்டைக் கருவும் கிடந்தன. 'தீனி போடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினார். யார் கேட்டார்கள்? மறுநாள் ஒருத்தியைக் கையும் களவுமாகப் பிடித்தார். உள்ளே நினைவில்லாமல் கிடப்பவரின் மனைவி அவள். தினமும் சமைத்துக் கொண்டுவருவாள். குழாய் வழியாகத்தான் உணவு போகிறது என்று நர்சு திருப்பி அனுப்பிவிடுவாள்.

"ஏம்மா, எழுதிப் போட்டிருக்கேன்ல? இது செத்துப் போயிடும்மா."

"தெரியும்ணே. அவருதான் வாய் திறக்க மாட்டேங்கிறாரு. இதாவது சாப்பிடுதேன்னு..."

ஆளைக் கதவுக்கு இந்தப்புறம் நிறுத்துவதே தன் பிழைப்பு என்பது அன்றைக்குத்தான் அவருக்குச் சுரீரென்று உறைத்தது. "சரி, துளியூண்டு போடு" என்றார். அங்கேதான் தப்புப் பண்ணினார். துளி என்பது அவள் கைக்குத் தெரியவில்லை. உப்பல் வடியட்டும் என்று அவர் பட்டாணி கொடுத்துப் பார்த்தார், பட்டினி நாளைக் கூட்டிப் பார்த்தார், தண்ணீரை மாற்றிப் பார்த்தார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது அவருக்கு மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்?

வெள்ளிக்கிழமை காலையில் வந்தபோது சேர்மன் வெள்ளை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்பக்க மரத்தடியில் புதைத்தார். அழுகை வந்தது. ஒரு மீனுக்காக அழுதார் என்று நர்சுகளுக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு கதவருகே வந்து நின்றார்.

அவள் வந்தாள். திருப்பி அனுப்பப்பட்ட தூக்குவாளியோடு தொட்டிப் பக்கம் போனாள்.

"எங்கண்ணே காணோம்?"

சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். அவள் அதற்குள் வாளியின் மூடியைத் திறந்துவிட்டாள்.

"சட்டிக்குள்ள தூங்குதும்மா."

"எழுந்ததும் சாப்பிடும்ல?"

"சாப்பிடும்."

அவள் போட்ட ரொட்டித் துணுக்கு தண்ணீரில் ஊறி, கனத்து, மெல்ல அடிக்கு இறங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "தினமும் ரொட்டியே போட்டா அதுக்கும் அலுத்துப் போகும். நாளைக்கு என்னண்ணே கொண்டு வரட்டும்?"

"பட்டாணி கொண்டு வாம்மா" என்றார். "நல்லா வேக வச்சு, தோலை மட்டும் உரிச்சிடு."