எங்கள் கொலுவில் ஒரு வெள்ளைக் கண் சுறா

அமெரிக்காவில், சான் ரமோன் வீட்டில் எங்கள் கொலுப்படிகள் என்பவை கராஜில் கிடக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள்தான். மேலே பலகை, பலகைக்கு மேலே கணவரின் பட்டு வேட்டி. படிகளுக்கு முன்னால் தரையில் வருடா வருடம் ஒரு பார்க் போடுவோம். போன வருடம் பார்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆழ்கடல் போட்டோம். எல்லாம் ஒரு சுறாவால் வந்தது.

ஆபீஸில் மதியச் சாப்பாட்டை வாயில் வைத்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் ஆழ்கடலில் வாழும் ஒரு பூனைச் சுறாவுக்கு இப்போதுதான் தனிப்பெயர் கொடுத்திருக்கிறார்கள். நீளம் ஒரு முழம் இருந்தால் அதிகம். கண்கள் பளீரென்று வெள்ளை. அதில் முதலில் கிடைத்தது சுறாவே இல்லை, அதன் முட்டைக் கூடு. மேலெல்லாம் வரிவரியாக மேடு வைத்த அந்தக் கூடு யார் இட்டது என்று தெரியாமலே மியூசியத்தில் கிடந்திருக்கிறது. கடைசியில் வேறு ஏதோ பெயர் போட்டு வைத்திருந்த ஒரு பழைய சுறாவின் வயிற்றுக்குள் அதே மாதிரி கூடு இருந்ததாம், அப்போதுதான் இது தனி இனம் என்று தெரிந்ததாம். எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அன்று சீக்கிரமே கிளம்பிப் பள்ளி வாசலில் போய் நின்றேன். என் மகள், ஐந்தாம் வகுப்பு, சீட் பெல்ட் போடுவதற்குள் மொத்தக் கதையையும் அவள் தலையில் கொட்டிவிட்டேன்.

அவளும் சுறாப் பைத்தியம்தான். கொலுவுக்குக் களிமண்ணில் அந்தச் சுறாவைச் செய்யட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். முந்தின வருடம் கொலுவுக்கு வந்த ஒரு அம்மாள், மகளை வைத்துக்கொண்டே என்னிடம், "உங்க பொண்ணுக்குத் தமிழ் வராது இல்ல?" என்று கேட்டுவிட்டுச் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார். அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. செய்யலாம், ஆனால் வருகிறவர்களுக்கு அந்தச் சுறாவின் கதையை நீதான் தமிழில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "டீல்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றைக்கே பேச்சை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். 'பெரியோர்களே' என்று ஆரம்பித்து, 'வியத்தகு உயிரினம்' என்று முடியும். பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் காரில் ஒத்திகை. அவள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள், பாதியில் மறந்தாள், ஜன்னலைப் பார்த்தாள். சுறா மட்டும் அச்சாக வந்திருந்தது. உடம்பு கரும்பழுப்பு, கண் இரண்டும் வெள்ளை.

சனிக்கிழமை சாயந்திரம் எல்லோரும் வருவதாக ஏற்பாடு. எதிர் வீட்டு ஆன்ட்டி ஒத்தாசைக்கு முன்னதாகவே வந்துவிட்டார். எங்கள் தெருவில் கொலு விஷயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். மகள் மாடியில் பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள். நான் சுண்டலைத் தாளித்துவிட்டுக் கரண்டியோடு ஹாலுக்கு வந்தால், ஆன்ட்டி தன் கண் மைப் பென்சிலை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். சுறாவுக்குக் கரேலென்று இரண்டு கண்கள்.

"கண்ணு தொறக்காமலே கொலுல வெச்சுட்டியேம்மா. அப்படி வெக்கக் கூடாது. நானே தொறந்து விட்டுட்டேன்" என்றார். எத்தனை நல்ல மனசோடு சொன்னார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. அதற்குள் காலிங் பெல் அடித்தது. இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றாக உள்ளே வந்தன. அந்த முள் அம்மாளும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

சுறாவைப் பார்த்தாள். முகம் சிவந்தது. அவ்வளவுதான், மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள், என் ஒத்திகை எல்லாம் பாழ் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. ஆன்ட்டிக்கு நேராகப் போய் நின்றாள்.

"ஆன்ட்டி, அதோட கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. அது கலரே வொயிட்தான். அது கடல்ல ரொம்பக் கீழ இருக்கு. இவ்ளோ நாள் எல்லாரும் அதைத் தப்பா பாத்தாங்க. தப்பு பேர் வெச்சாங்க. இப்பதான் கரெக்டா பாத்தாங்க. நீங்க திருப்பி வேற ஏதோ மாதிரி ஆக்கிட்டீங்க."

நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது, கையில் கரண்டி இருந்ததால் குதிக்கவில்லை. ஆன்ட்டியைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. அவர் குனிந்து சுறாவைக் கிட்டத்தில் பார்த்தார்.

"எனக்குத் தெரியலடா கண்ணா. எப்படிச் சரி பண்றது, சொல்லு" என்றார்.

வைத்த பொம்மையைக் கொலு முடியும் வரை எடுக்கக் கூடாது என்பதும் அவருடைய சட்டம்தான். அதனால் மகள் பட்டுப்பாவாடையோடு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். மையைப் பஞ்சால் துடைத்துவிட்டு வெள்ளைப் பெயிண்ட் வைத்தாள். ஆன்ட்டி முட்டி வலியோடு பக்கத்தில் மண்டியிட்டுப் போன் வெளிச்சம் காட்டினார். வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். முள் அம்மாள்தான் முதலில் கேட்டார், அது முட்டை போடுமா என்று. மகள் தலை நிமிராமலே பதில் சொன்னாள், தமிழில்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் வாசலிலேயே நிறுத்தி ஆன்ட்டி சொல்லிக்கொண்டிருந்தார்: "அதுக்குக் கண்ணு தொறந்துதான் இருக்கு. கதையை இவ சொல்லுவா, கேளுங்க."

நான் சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜ் கதவில் இருந்த என் பேச்சைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.