ஒட்டுக்கேட்கும் கரடி

சுசீலா தைக்கும் கரடி பொம்மைகளைக் குழந்தைகளிடம் கொடுக்க முடியாது. வாங்க வருகிறவர்களிடம் அவளே அதை முதலில் சொல்லிவிடுவாள். கண்ணாடிக் கண்கள், மொஹேர் என்கிற ஆட்டுரோமத் துணி, வயிறு நிறைய மரச்சீவல், தோளிலும் இடுப்பிலும் அட்டை வட்டம் வைத்து முடுக்கிய மூட்டுகள். இவற்றைச் சேகரிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வாங்கிப் போய் அலமாரியில் உட்காரவைத்துப் பூட்டிக்கொள்வார்கள்.

அவள் முன்பு ஹோட்டல்களுக்குத் திரைச்சீலை தைக்கும் பட்டறையில் இருந்தாள். பட்டறை எல்லை தாண்டி ஜொகூருக்கு மாறிப் போனதும் செம்பவாங்கில் இருந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், நூலகத்தில் எடுத்த ஒரு தையல் புத்தகத்தைப் பார்த்து முதல் கரடியைத் தைத்தாள். அது கரடி மாதிரியே இல்லை. "எலிக்கு ஜுரம் வந்த மாதிரி இருக்கு லா," என்றான் பேருந்து ஓட்டும் கணவன் ரகுபதி. ரோஷம் வந்துவிட்டது. புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டுத் தானே பேட்டர்ன் வரைய ஆரம்பித்தாள். கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியின் அட்டையை வெட்டி, துணியில் வைத்து, தைத்து, பிரித்து, திரும்பவும் அட்டையைத் திருத்தி, அப்படியே சில வருடங்கள் போயின.

அப்போதுதான் அந்தக் கன்னம் கிடைத்தது. கரடியின் தலைக்கு மூன்று துண்டுகள்: மூக்கிலிருந்து பிடரி வரை ஓடும் ஒரு நடுத்துண்டு, இரண்டு பக்கமும் இரண்டு கன்னங்கள். எல்லோரும் ஒரே கன்ன அட்டையைத் திருப்பிப் போட்டு இரண்டையும் வெட்டுவார்கள். சுசீலா இடது கன்னத்தை ஒரு நூலிழை குறைத்தாள். தைத்து மரச்சீவலை அடைத்ததும் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

அதற்குப் பெயர் வைத்தவள் ஹலீமா. "என்னக்கா இது, பக்கத்து வீட்டுச் சண்டைய ஒட்டுக்கேக்கற மாதிரி உக்காந்திருக்கு?" என்று சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டுக்கேட்கும் கரடியைத் தேடி ஜப்பானிலிருந்துகூட ஆட்கள் எழுதினார்கள்.

ஹலீமாவுக்குத் தேக்கா மார்க்கெட் மாடியில் ஒரு தையல் கடை. ரவிக்கை, பாவாடை, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங், கால்சட்டை குறைப்பது என்று நாள் முழுக்க மிஷின் ஓடும். ரவிக்கை தைக்கப் போன இடத்தில் பழக்கமாகி, வேலை கூடியபோது கரடிகளின் கை, கால், உள்ளங்கால்களை அவளிடம் கொடுக்க ஆரம்பித்தாள் சுசீலா. முகத்தை மட்டும் யாரிடமும் கொடுத்ததில்லை. ஒரே ஒரு முறை தவிர. ஒரு வருடம் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது, ஒத்துக்கொண்ட கரடிகள் நின்றுபோகக் கூடாது என்று கன்ன அட்டைகள் இரண்டையும் ஹலீமாவின் கையில் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருடம் டோபி காட் பக்கம் ஒரு கடைத்தொகுதியில் அந்தக் கரடியைப் பார்த்தாள்.

கைவினைப் பொருள் செய்கிறவர்களுக்கு அலமாரித் தட்டுகளை வாடகைக்கு விடும் சின்னக் கடை அது. ஒரு தட்டில், மெழுகுவர்த்திகளுக்கும் காதணிகளுக்கும் நடுவே, தேன் நிறத்தில் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சுசீலா கையில் எடுத்தாள். கண்கள் மலிவானவை, மூக்குத் தையல் சொரசொரப்பு. ஆனால் கன்னம் அவளுடையது. கட்டைவிரலால் தாடையைத் தடவியபோதே தெரிந்துவிட்டது.

"இது யாரு செஞ்சது?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது மேடம்," என்றாள் கடைப்பெண். "சீட்டுல பேஜ் பேரு இருக்கு பாருங்க."

சீட்டில் ஒரு இணையப் பக்கத்தின் பெயர் மட்டும் இருந்தது. சுசீலா கரடியை வைத்துவிட்டு ரயிலேறினாள். செம்பவாங் வருவதற்குள் ஒரு கணக்கு முடிந்துவிட்டது. அந்த அட்டைகளைத் தொட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

"அப்படின்னா நேரா கேட்டுடு," என்றான், அவள் சொன்னதைக் கேட்ட ரகுபதி.

"கேட்டா இல்லன்னுதான் சொல்லுவா. அப்புறம் உஷாராயிடுவா."

"ஹலீமாவா? அவ உனக்குக் கண் ஆபரேஷன் அன்னிக்குக் கஞ்சி கொண்டு வந்தவ."

"அதான் சொல்றேன். அட்டையும் அன்னிக்குத்தான் கேட்டா."

உண்மையில் ஹலீமா கேட்கவில்லை. இவளாகத்தான் கொடுத்தாள். ஆனால் சொல்லச் சொல்ல, கேட்டதாகவே சுசீலாவுக்கு நினைவு வந்தது.

அதன்பிறகு ஹலீமாவின் எந்தச் செய்கையும் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால் ஏன் கவிழ்த்து வைக்கிறாள்? ஹலீமாவின் மருமகள் ருக்சார் இணையத்தில் ஹிஜாப், குழந்தை உடுப்பு என்று ஏதேதோ விற்கிறவள். கரடியும் விற்கத் தெரியாதா? கடையில் வெட்டிய துணித் துண்டுகளை ஹலீமா எங்கே போடுகிறாள்? முன்பு அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தாள். மொஹேர் துணுக்கு எதுவும் இல்லை. இல்லாததும் உறுத்தியது.

ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து புதிதாக ஓர் உள்ளங்கால் அட்டை வரைந்தாள். வலது கால் பழைய மாதிரியே. இடது காலின் குதிகாலை மட்டும் உள்ளே குறுக்கினாள். மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இந்தக் குதிகால் டோபி காட் கடையில் வந்து உட்கார்ந்தால், அது தேக்காவிலிருந்து போனதாகத்தான் இருக்க முடியும்.

"புது டிசைன். இனிமே இதுலயே வெட்டு," என்று ஹலீமாவிடம் கொடுத்தாள்.

ஹலீமா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு சுசீலாவின் முகத்தைப் பார்த்தாள். "சரிக்கா," என்றாள்.

அந்தப் பார்வை என்ன பார்வை என்று சுசீலா வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள்.

அடுத்த வாரங்களில் டோபி காட் கடைக்கு அவள் போகாத நாளே குறைவு. காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி ரயிலில் டோபி காட்டுக்குப் போய், தட்டைப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்புவாள். கடைப்பெண் அவளைப் பார்த்தாலே கண்காணிப்புக் கேமராத் திரைப் பக்கம் திரும்பி நிற்கத் தொடங்கினாள். ஹலீமாவிடமிருந்து கால்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. இடது குதிகால் வரைந்தபடியே குறுகலாக, ஒரு தையல் பிசகாமல்.

ஒருநாள் தட்டில் புதுக் கரடி இருந்தது, சாம்பல் நிறத்தில். சுசீலா அதைக் கவிழ்த்து உள்ளங்காலைப் பார்த்தாள். இரண்டு குதிகாலும் ஒரே அகலம்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'கண்டுபிடிச்சிட்டா. அன்னிக்கு அட்டைய அப்படிப் பார்த்தாளே, அப்பவே கண்டுபிடிச்சிட்டா,' என்றுதான் தோன்றியது. கரடியை விலை கொடுத்து வாங்கி, பையில் தலைகீழாகப் போட்டு எடுத்துவந்தாள்.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, கழுத்துத் தையலைப் பிரித்தாள். ரகுபதி காப்பியோடு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலையைக் கழற்றி, பஞ்சை எடுத்து, மூன்று துண்டுகளையும் பிரித்து நீவி, தன் அட்டைகளின் மேல் வைத்தாள்.

பொருந்தவில்லை. அட்டையைவிடத் துண்டுகள் சுற்றிலும் கொஞ்சம் பெரிதாக, தாடைப் பக்கம் இழுபட்ட மாதிரி நீண்டிருந்தன. அட்டையைப் பார்த்து வெட்டியிருந்தால் இப்படி வராது. பிறகு மூக்கின் ஓரம் ஒரு சின்னப் பள்ளத்தைக் கண்டாள். அதையே வெகுநேரம் பார்த்தாள்.

அந்தப் பள்ளம் அவள் அட்டையில் கிடையாது. முகத்தைத் தைத்து முடித்தபிறகு, மூக்கு தடிக்கக் கூடாதென்று உள்பக்கம் மிஞ்சும் துணியை அந்த இடத்தில் கத்தரித்துவிடுவாள். அது தைத்த பிறகு செய்கிற வேலை. இந்தக் கரடியைச் செய்தவர் அந்தப் பள்ளத்தையும் வடிவத்தின் ஒரு பகுதியென்று நினைத்து வெட்டியிருக்கிறார். அவர் அட்டையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சுசீலா தைத்து விற்ற ஒரு கரடியை வாங்கி, பிரித்து, இழுபட்ட துண்டுகளைத் தாளில் வைத்து வரைந்திருக்கிறார்.

"என்ன?" என்றான் ரகுபதி.

"ஹலீமா இல்ல."

காப்பிக் கோப்பையைக் கழுவி வைக்க எழுந்து போனான். அவன் 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த இணையப் பக்கத்துக்கு, கரடி வாங்கியவள் என்று மட்டும் சொல்லி, நேரில் பார்க்க வேண்டுமென்று எழுதினாள். டோபி காட் ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள உணவுக்கடையில் சந்திப்பதென்று முடிவாயிற்று. வந்தவள் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒரு பெண். சுசீலாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். சுசீலாவுக்கும் முகம் தெரிந்தது. முன்பு ஒரு கண்காட்சியில், எந்தக் கரடியை எடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்ற பெண். பெயர் திவ்யதர்ஷினி.

"ஆன்ட்டி... நீங்கன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டே."

திவ்யதர்ஷினி உட்கார்ந்தாள். பொய் சொல்லவில்லை. "உங்ககிட்ட வாங்கின கரடிய ரெண்டு மாசம் வச்சுப் பார்த்தேன் ஆன்ட்டி. தல எப்படிச் சாயுதுன்னு புரியவே இல்ல. அப்புறம் பிரிச்சேன். பிரிச்சதும் ரொம்ப கஷ்டமாயிடுச்சு. திரும்பத் தைக்கத் தெரியல."

"எங்க அது இப்ப?"

"வீட்ல பாக்ஸ்ல. தல தனியா இருக்கு."

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

சுசீலா சொல்லியிருக்க மாட்டாள் என்று இருவருக்கும் தெரிந்தது.

"கத்துக்கிட்டது உன் இஷ்டம். வித்தது தப்பு," என்றாள் கடைசியில். "உன் பேர்ல விக்கற கரடிக்கு உன் மூஞ்சிய வை. என்னோடத எடுத்துடு."

அந்தப் பெண் தலையாட்டினாள். அன்றே தட்டைக் காலி செய்தாள், இணையப் பக்கத்திலிருந்து படங்களையும் நீக்கினாள். உண்மையில் நீக்கினாளா, வேறு பெயரில் வேறு எங்காவது விற்கிறாளா என்று சுசீலா இன்றைக்கும் அவ்வப்போது தேடிப் பார்ப்பதுண்டு.

மறுநாள் தேக்காவுக்குப் போனாள். சரியான உள்ளங்கால் அட்டை பையில் இருந்தது. பேச்சோடு பேச்சாக மாற்றிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

"அந்தக் குதிகால் சரியா வரல ஹலீமா. பழையதே போதும்னு..."

ஹலீமா மிஷினை நிறுத்தினாள். மேசை இழுப்பறையிலிருந்து அந்த அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள்.

"தப்பா வரையற ஆளாக்கா நீங்க?"

சுசீலா பையிலிருந்து எடுத்த அட்டையை மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

"ருக்சார்தான் முதல்ல அந்தக் கடைல கரடியப் பார்த்தா. போட்டோ எடுத்து, 'மாமி, இது சுசீலா ஆன்ட்டி கரடிதானே, சீட்டுல வேற பேரு போட்டிருக்கே'ன்னு காட்டினா. உங்ககிட்ட சொல்லணும்னு நீங்க வர்றதுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். வந்தீங்க, இந்த அட்டையோட. அட்டையப் பார்த்தேன். உங்க மூஞ்சியப் பார்த்தேன். சொல்ல வாய் வரல."

"அப்புறம் ஏன் அதே மாதிரி தைச்சுக் குடுத்தே?"

"நீங்க குடுத்தத தைக்கறதுதானே என் வேல. அந்தக் காலோட கரடி நேரா உக்காராது. தெரிஞ்சுதான் தைச்சேன்."

பக்கத்துக் கடையில் ஒருவர் வேட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சுசீலா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திவ்யதர்ஷினியைப் பற்றி, மூக்கோரப் பள்ளத்தைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னாள். "நான் உன்ன சந்தேகப்பட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்க ஹலீமா," என்றாள். பிறகு பையைத் திறந்து கன்ன அட்டைகள் இரண்டையும் எடுத்தாள். "இனிமே இதையும் நீயே வெட்டு."

ஹலீமா அவற்றைத் தொடவில்லை.

"வேணாம்க்கா. இது எங்கிட்ட இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது. கை, கால் போதும் எனக்கு." குரலில் கோபம் இல்லை. சரியான உள்ளங்கால் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, குறுகலானதைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டிக் கூடையில் போட்டாள். "தே தாரிக் குடிக்கிறீங்களா?"

டீயைக் குடித்தார்கள். ருக்சாரின் குழந்தைக்குப் பல் முளைத்த கதையை ஹலீமா சொன்னாள். சுசீலா சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தாள்.

குறுகிய காலோடு முடித்து வைத்திருந்த கரடிகளை அவள் விற்கவில்லை. இடது கால்களை எல்லாம் பிரித்துத் திரும்பத் தைத்தாள். அது அவளே செய்ய வேண்டிய வேலை என்று தோன்றியது.

வேலை இப்போதும் நடக்கிறது. சனிக்கிழமைகளில் சுசீலா துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், ஹலீமா கை கால்களைத் தைத்துத் தருகிறாள். தீபாவளிக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள், நோன்புப் பெருநாளுக்குச் சுசீலா வீட்டுக்குப் பிரியாணி வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை.

ஆனால் ஒன்று உண்டு. கை கால்களோடு இன்னொரு சின்னப் பையையும் ஹலீமா இப்போதெல்லாம் கொடுத்தனுப்புகிறாள். அதில் வெட்டி மிஞ்சிய மொஹேர் துணுக்குகள் இருக்கும். விரல்நகம் அளவுத் துணுக்குகூட விடாமல் பொறுக்கிப் போட்டிருப்பாள். முன்பு அவற்றைத் தன் ஊசிமெத்தைக்குள் அடைக்க வைத்துக்கொள்வாள்.

"இதெல்லாம் எதுக்கு ஹலீமா, நீயே வச்சுக்கயேன்," என்று சுசீலா ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள்.

"இருக்கட்டும்க்கா, உங்க துணிதானே," என்கிறாள் ஹலீமா.