கையில் கொடுக்காத கத்தி

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். ஆனால் நான்காம் வகுப்பில் என் பெருமைக்கெல்லாம் காரணம் படிப்பல்ல, மாமன் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த குட்டிச் சாணை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பச்சைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இரண்டு சிறு சக்கரங்கள் ஒட்டி நிற்கும். அவற்றின் நடுவே கத்தியை வைத்து இழுக்க வேண்டும். லாரியில் கிளீனராக இருந்த மாமன் முறையும் சொல்லித் தந்திருந்தார். அழுத்தக் கூடாது. முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது, நம் பக்கமாக மட்டுமே இழுக்க வேண்டும். கரகரவென்ற சத்தம் அடங்கிக் கத்தி வழுக்கிக்கொண்டு வந்தால் போதும், நிறுத்திவிடலாம்.

ஆடு மேய்க்கப் போகிறவர்கள், தேங்காய் உரிக்கிறவர்கள் என்று எங்கள் தெருவில் எல்லார் இடுப்பிலும் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. எல்லாம் என் கைக்கு வந்தன. தீட்டி, ஆமணக்கு இலையில் ஒரு கோடு இழுத்துக் காட்டி, அவரவர் கையில் கொடுப்பேன்.

பள்ளியில் என் பக்கத்தில் உட்காருபவள், எங்கள் தெருவே வேலைக்குப் போன தோட்டத்தின் சொந்தக்காரரான பண்ணாடியின் மகள். ஒரு நெல்லிக்காயைக் காக்காய்க் கடி கடித்து இருவரும் தின்போம். அவள் வீட்டில் என் புகழைப் பாடியிருக்க வேண்டும். ஒரு நாள் பண்ணாடி தன் மடக்குக் கத்தியை என் அப்பாவிடம் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தீட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசல்வரை வந்தாள்.

“கண்ணு, கத்தியக் கையில குடுத்துப்போடாத. கீழ வெச்சுப்போட்டுத் தள்ளி நின்னுக்கோ. கையில குடுத்தா சண்டை வந்துரும்.”

அதுவரை நான் கேள்விப்படாத சட்டம். இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. என் தோழியின் வீட்டோடு எனக்குச் சண்டை வரக் கூடாதே.

பண்ணாடியின் மனைவி வெளியே வந்தார். “வெச்சிட்டனுங்க” என்று படியில் வைத்துவிட்டு விலகி நின்றேன். எடுத்து, கறிவேப்பிலைக் கொத்தொன்றைச் சீவிப் பார்த்தார்.

“அட, புதுக் கத்தியாட்டம் ஆக்கிப்போட்டியே புள்ள!”

உள்ளே போய் முறுக்கு எடுத்துவந்தார். வாழையிலைத் துண்டில் அதே படியில் வைத்துவிட்டு அவரும் விலகி நின்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், “முறுக்குக் குடுத்தாலும் சண்டை வருமா?”

அம்மா வெகுநேரம் அடுப்பை ஊதினாள். “பெரிய ஊட்டுல எல்லாத்துக்கும் அப்படித்தான்.”

மறுநாள் தோழி தன் மீன் கத்தியைக் கொண்டுவந்தாள். பென்சில் சீவுகிற, மீன் வடிவக் கத்தி. புளியமரத்தடியில் உட்கார்ந்து, என் திறமையையெல்லாம் காட்டித் தீட்டினேன். அவள் ஆசையோடு கையை நீட்டினாள். நான் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றேன்.

“ஏம்புள்ள, என்ற கை என்ன பண்ணுச்சு?”

“கையில குடுத்தா சண்டை வந்துரும். உங்க ஊட்டுலயும் அப்படித்தான?”

“ஆரு சொன்னா? எங்கப்பா கையிலதான் குடுப்பாரு. அம்மாவும் அப்படித்தான்.”

“நேத்து உங்கம்மா முறுக்கயே கீழதான் வெச்சாங்க!”

“பொய் சொல்ற! எங்கம்மா ஆருக்கும் அப்படி வெக்க மாட்டாங்க.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னையப் புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லு.”

கத்தியை எடுத்துக்கொண்டு போனவள் அன்றைக்கு வேறு வரிசையில் உட்கார்ந்தாள். அதன் பிறகு நெல்லிக்காய் வரவில்லை.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். “கீழ வெச்சும் சண்டை வந்துருச்சும்மா” என்றேன். நடந்ததைக் கேட்ட அம்மா, அப்பாவின் மடக்குக் கத்தியை என் முன்னால் போட்டு, “வெங்காயம் அரியோணும், இதத் தீட்டிக் குடு” என்றாள்.

தீட்டிக் கீழே வைக்கப் போனேன். அம்மா உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தாள்.

“கையிலயே குடு கண்ணு.”

பயந்துகொண்டேதான் கொடுத்தேன். கத்தியோடு சேர்த்து என் விரல்களையும் அம்மா கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் எப்போது சண்டை வருமோ என்று, சோறு தின்று முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.