சூசையம்மாளுக்கு நான் கொடுத்த அரை மாத்திரை

மூத்த பேரன் அந்தோணி பதினோராம் வகுப்பில் முதல் வகுப்பு வாங்கியிருக்கிறான். பேத்தி ஸ்டெல்லா பள்ளிக்கூட விழாவில் இந்தியில் பேசிப் பரிசு வாங்கினாள். சின்னவன் சேவியர் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். அது நான் படித்ததைவிட ஒரு வகுப்பு கூட. கார் நிக்கோபாரில் இருக்கும் இந்த மூன்று பேரும் நல்ல நாளுக்குப் போட்டுக்கொள்வது என் நாத்தனார் சூசையம்மாள் தைத்த துணிதான். இதைப் பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், மாயாபந்தரிலிருந்து ஒயர்லெஸ்ஸில் செய்தி வந்திருக்கிறது என்று ஆள் வந்தார். கல்யாணத் துணி தைக்கப் போன வீட்டில், மிஷினில் உட்கார்ந்தபடியே சூசை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாளாம். நாங்கள் படகு பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

மரைன் ஹில்லில் இருக்கும் உங்களில் அவள் தைத்ததைப் போடாதவர்கள் குறைவு. அவளுக்கு இருந்த நோயும் உங்களுக்குத் தெரியும். அவள் கல்யாணம் நின்ற காரணம் மட்டும் முழுதாகத் தெரியாது. அதை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவள் கை கழுவ ஆரம்பித்தாள். குழாயில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். பிடித்து வைத்த டிரம்மை அவள் ஒருத்தியே காலி செய்வாள். புறங்கை வெடித்து இரத்தம் கசியும். துணியில் அழுக்குப் பட்டிருக்குமோ என்று தைத்ததைப் பிரிப்பாள், துவைப்பாள், தைப்பாள், மறுபடி பிரிப்பாள். கடைசியில் அதுவும் நின்றுபோய், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். “அழுக்கு இல்லன்னு தெரியுது மதினி, மனசுதான் கேக்க மாட்டேங்குது” என்று அழுவாள். “தண்ணியும் மெயின்லேண்ட் கப்பல்ல வருதுன்னு நெனச்சியா?” என்று நான் கத்துவேன்.

அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவரோடு அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. ஈஸ்டர் கழிந்து கல்யாணம். அதற்குள் அவள் எழுந்துவிட வேண்டும் என்பதுதான் வீட்டில் எல்லாருடைய ஜெபமும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இது பேயும் இல்லை, திமிரும் இல்லை, மனதில் வருகிற நோய் என்றார் டாக்டர். எந்த மருந்து இவளுக்குச் சேரும் என்பது கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும், பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும் என்றார்.

நம் தீவில் வெங்காயமோ மண்ணெண்ணெயோ மருந்தோ, அடுத்த கப்பல் வரும்வரை நீட்டிப் புழங்குகிறவள்தான் கெட்டிக்காரி. நான் அதில் பேர் எடுத்தவள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று கொடுத்த மாத்திரையைப் பாக்குவெட்டியால் சரிபாதியாக வெட்டிக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன அளவே அதுதான் என்று நினைத்து அவளும் விழுங்கினாள். டாக்டர் கேட்டபோது, “வேளை தவறாமக் குடுக்கிறேன்” என்றேன். பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் ஆகியும் குணம் தெரியவில்லை. இந்த மருந்து சேரவில்லை என்று டாக்டர் வேறு மாற்றினார். அதில் ஓயாத தூக்கம். ஊசியில் நூல் கோக்க முடியாது. அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். பட்டப்பகலில் சூசை மிஷின்மேல் தலை சாய்த்து, வாயோரம் எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்தாள். “பொண்ணுக்குச் சொகமாகட்டும், பெறகு பாப்போம்” என்று காப்பியைத் தொடாமல் எழுந்தாள். பிறகு வரவேயில்லை.

பழைய மாத்திரை வீணாகக் கூடாதே என்று, மிஞ்சியதைச் சுத்தமான பாட்டிலில் போட்டு ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாராட்டுவார்கள் என்றுதான் போனேன்.

“இவ்ளோ எப்படிம்மா மிஞ்சுச்சு?” என்றார் கம்பவுண்டர்.

“பாதி பாதியாக் குடுத்தேன். கப்பல் வரலன்னா?”

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முதல் மருந்தையே முழு அளவில் திரும்ப ஆரம்பித்தார்கள். இரண்டு கப்பலுக்கு வேண்டியதைக் கம்பவுண்டர் முன்கூட்டியே எடுத்து வைத்தார். ஏழாவது வாரம் சூசை ஒரு பாவாடை ஓரத்தை ஒரே ஓட்டமாக அடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிரிக்கவில்லை. கழுவ எழுந்திருக்கவும் இல்லை. “டிரம் நெறஞ்சு கெடக்கு மதினி. நீங்க கத்துறதுக்கு வேற எதாவது பாருங்க” என்றாள். நான் சிரிக்கவில்லை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் கிரேன்காரருக்கும் வேறொரு பெண்ணுக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்திருந்தார்கள்.

அதன் பிறகு அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. பல வருடம் கழித்து ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தவில்லை. “தெரியும் மதினி. கம்பவுண்டர் அன்னிக்கே சொல்லிட்டார்” என்றாள். கொஞ்ச தூரம் தைத்துவிட்டு, “கப்பல் வரலன்னா நான் என்ன ஆவேன்னு நெனச்சவங்க நீங்க ஒருத்தங்கதான்” என்றாள். இத்தனை வருடமும் வீட்டில் இருந்த நாளெல்லாம் என் கையால்தான் மாத்திரை வாங்கி விழுங்கினாள்.

மாயாபந்தரிலிருந்து நாங்கள் திரும்பும்போது அவள் பையைக் கொடுத்து அனுப்பினார்கள். கத்தரிக்கோல், டேப், மாத்திரை பாட்டில். எண்ணிப் பார்த்தேன். ஒரு வேளையும் தவறவிடவில்லை. மிச்சம் எத்தனை இருக்க வேண்டுமோ அத்தனையும் முழுசு முழுசாக இருக்கின்றன. இந்த முறை நான் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. என்னிடமே இருக்கட்டும்.

வீட்டில் அவளுடைய படம் ஒன்றுதான் உண்டு. நிச்சயத்தன்று எடுத்தது. அதில் புண்ணான கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தோணி, ஸ்டெல்லா, சேவியர், நீங்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் அத்தைப்பாட்டி கடைசியாகத் தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். தையல் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் நில்லுங்கள்.