கொட்டச் சொன்ன தண்ணீர்

என் மகளுக்குச் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று வேலூரில் சொன்னபோது அவளுக்கு ஆறு வயது. இரத்தத்தில் பொட்டாசியம் சேர்ந்துவிடும், அளவு மீறினால் இதயம் நின்றுபோகலாம் என்றார் டாக்டரம்மா. நான் காவலூர்ப் பக்கம் ஒரு மலையூர்ப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பொட்டாசியத்துக்குக் குறியீடு என்ன என்று வருடா வருடம் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்துக் கேட்கிறவள். எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் எரிச்சல். தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

வாழைப்பழம், இளநீர், பலா, ஆரஞ்சு எதுவும் கூடாது. காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். எங்கள் மலையில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு போவார்களோ, அதையெல்லாம் சேர்த்துத் தயாரித்த பட்டியல் போலிருந்தது. இரண்டே வாரத்தில் எங்கள் வீடு பழக்கடை ஆனது. எதிர்வீட்டு அக்கா இளநீரோடு வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், கொழந்த தொவண்டு கெடக்குது, ஒரு எளநி குடுக்கக் கூடாதா? படிச்சவங்க நீங்களே இப்டி பண்லாமா?"

"குடுக்கலாங்க்கா. குடுத்துட்டு அப்டியே வேலூருக்குத் தூக்கினு ஓடலாம். நீங்களும் கூட வர்றீங்களா?"

நான்கு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான்கு நாளும் நிம்மதியாக இருந்தேன். படிக்காத சனங்கள், சொன்னால் புரியாது என்று கணவரிடம் அலுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் போனோம். முடிவு வந்ததும் டாக்டரம்மா எழுந்தே விட்டார். மகளைப் படுக்கவைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இதயத்தைக் காக்க நரம்பில் மெதுவாக ஒரு ஊசி. அப்புறம் இன்சுலினும் குளுக்கோஸும். சர்க்கரை நோயே இல்லாத பிள்ளைக்கு எதற்கு இன்சுலின் என்று அறிவியல் டீச்சரான நான் கேட்டேன். பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளத்தான் என்றார்கள். மூக்கில் புகை மருந்து வைத்தார்கள், குடிக்க மணல் மாதிரி ஒரு பவுடர் கரைத்துக் கொடுத்தார்கள். திரையில் ஓடிய கோட்டைப் பார்த்தபடியே நின்றேன். அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை.

நர்ஸ் நோட்டோடு வந்தார். "பாப்பா நேத்து இன்னா இன்னா சாப்ட்டா?"

"சோறு. வேகவெச்ச கேரட், பீன்ஸ். தண்ணிய வடிச்சிட்டுதான் குடுத்தேன்" என்றேன் பெருமையாக. "மிளகு ரசம். புளி, தக்காளி எதுவும் போடல."

"ரசம் எந்தத் தண்ணில வெச்சீங்க?"

"காய் வடிச்ச தண்ணிலதான்" என்றேன். காய் வேகவைத்த தண்ணீரில்தான் சத்தெல்லாம் இருக்கிறது, அதைக் கொட்டக் கூடாது என்று வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது. அந்தத் தண்ணீரைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை. தினமும் ரசம் வைத்து, இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று கெஞ்சி ஊட்டியிருந்தேன்.

"காயில இருந்து எடுத்த பொட்டாசியத்த டம்ளர்ல ஊத்திக் குடுத்திருக்கீங்க" என்றார் நர்ஸ். "இன்னா வேல பண்றீங்க நீங்க?"

"வூட்லதான் இருக்கேன்" என்றேன்.

மூன்று நாளில் மகளின் அளவு இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் வடித்த தண்ணீரைப் பின்பக்கத்து வாழைக்கு ஊற்றத் தொடங்கினேன். நான் ஊற்றி முடிக்கும்வரை மகள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். நம்பிக்கை அவ்வளவு.

அந்த வாழை இந்த வருடம் குலை தள்ளியது. தன்னால் தின்ன முடியாத பழத்தை மகள் சீப்பு சீப்பாகத் தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிர்வீட்டு அக்கா ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, எப்படிடா கண்ணு இவ்ளோ நல்லா வந்தது என்று கேட்டார்.

"எங்கம்மா எனக்குக் குடுத்த ரசத்த இப்ப இதுக்குக் குடுக்கறாங்க" என்றாள் மகள்.